லோரியானும் கடல் வற்றும் நேரமும்

பெரியப்பா (புதுச்சேரி): கயல், ஜூன் மாதம் நானும் பெரியம்மாவும் பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரெத்தாஞ் பகுதிக்கு வரும்போது நான்கு நாள்கள்தாம் கையில் இருக்கும். நம் ஊருக்குக் கப்பல்கள் கிளம்பிய லோரியானைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கயல் (ரென்): அவசியம் பார்க்கலாம், பெரியப்பா. ஆனால் 1666இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக உருவான அந்த ஊர், 1943ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் பெரும்பாலும் அழிந்துபோயிற்று. ஆகவே படகேறி எதிர்க்கரையில் உள்ள போர் லுயி கோட்டைக்குச் சென்றுவிடுங்கள். கம்பெனியின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமும், அக்காலத்தில் கப்பலேறி வந்த இந்தியத் துணி வகைகளும் அங்கேதான் இருக்கின்றன.

அத்தை (காரைக்கால்): அண்ணா, சேன் மாலோவை விட்டுவிடாதீர்கள். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே பிறந்த ஊர் அது.

கயல்: ஆம் அத்தை. 1944 ஆகஸ்டில் எரிந்த ஊரைப் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே போகும் நாளைக் கடலைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் அங்கே கடல் மிக அதிகமாக, சில சமயம் 12 மீட்டருக்கும் மேல், ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கும்போது எழுத்தாளர் ஷத்தோபிரியானின் கல்லறை உள்ள கிரான் பே தீவுக்கு நடந்தே போகலாம். பாதைக் கற்களின் மேல் பழுப்புப் பாசி வழுக்கும். திரும்பிவரும் கடல் அலையடித்துக்கொண்டு வராமல், கற்களின் இடுக்குகளில் சத்தமின்றி முதலில் நிறையும். அதைக் கண்ட உடனே கரைக்குத் திரும்பிவிடுங்கள். பிந்தினால் பல மணி நேரம் தீவிலேயே காத்திருக்க வேண்டியதுதான்.

பெரியம்மா: என் முழங்காலுக்கு ஏற்ற இறக்கம் ஆகாதம்மா. அங்கே நமக்குச் சாப்பிட என்ன கிடைக்கும் என்றும் சொல்.

கயல்: அப்படியானால் தினான் என்னும் பழைய ஊரில் ஆற்றுத்துறைக்கு இறங்கும் செங்குத்தான கல் தெருவை விட்டுவிட்டு, மேலூரை மட்டும் பார்க்கலாம், பெரியம்மா. சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சராசன் என்னும் பக்வீட் தானிய மாவைக் கரைத்துச் சூடான வட்டக்கல்லில் ஊற்றி, சிறு மரக்கட்டையால் தேய்த்து, நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, ஓரங்களை மடித்துத் தருகின்ற கலேத் உங்களுக்குத் தோசையை நினைவூட்டும். மன்னர் காலத்து உப்பு வரி இப்பகுதிக்கு விதிக்கப்படாததால், இங்கே இன்றும் உப்பிட்ட வெண்ணெயைத்தான் விரும்புகிறார்கள்.

பெரியப்பா: பயணச்சீட்டு வாங்குவதற்கு முன், ஜூன் மாதப் பௌர்ணமி எந்த நாளில் வருகிறது என்று நாள்காட்டியைப் பார்த்துச் சொல்கிறேன்.

கயல்: நானும் சேன் மாலோவின் கடல் அட்டவணையை இன்றிரவே அனுப்புகிறேன், பெரியப்பா.