பால் டீக்குப் பதிலாக வாசனை சேர்த்த கிரீன் டீ: எந்தச் சுவை, எப்படிப் போடுவது?

கேள்வி: கெடிலக்கரை, மஞ்சக்குப்பம், கடலூர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. மஞ்சக்குப்பத்தில் கணக்கு எழுதும் வேலை. காலையில் வீட்டில் ஒன்று, அலுவலகம் வந்ததும் எதிர்க்கடையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மாலையில் இரண்டு என்று நாளொன்றுக்கு ஐந்து பால் டீ குடித்துப் பழகியவன். சென்ற மாதம் எடுத்த இரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1 என்று வந்தது. நீரிழிவு இன்னும் வரவில்லை, ஆனால் வாசல்வரை வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். டீ ஒன்றுக்கு இரண்டு கரண்டி, ஐந்துக்குப் பத்துக் கரண்டி, கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் 40 கிராம் சர்க்கரை டீயில் மட்டுமே போகிறது.

அதனால் எலுமிச்சை, தேன் வாசனை சேர்த்த கிரீன் டீப் பைகள் 25 கொண்ட பெட்டி ஒன்று வாங்கினேன். முதல் நாள் வழக்கம்போல் பாத்திரத்தில் இரண்டு பைகளைப் போட்டு நன்றாகக் கொதிக்க விட்டேன். நாக்கு வறண்டுபோகும் அளவுக்குக் கசந்தது. மறுநாள் பால் விட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறமாகி எந்தச் சுவையும் இல்லாமல் போயிற்று. வெறும் வயிற்றில் குடித்த அன்று குமட்டலும் வந்தது. பெட்டியைத் திறந்தால் எலுமிச்சை மிட்டாய் வாசனை தூக்குகிறது, குடித்தால் அது காணோம். நான் செய்வதில் எங்கே பிழை? எந்தச் சுவை பொருந்தும்? இரத்தச் சோகைக்கு மாத்திரை எடுக்கும் என் மனைவியும் இதைக் குடிக்கலாமா?

பதில்: மலையிலிருந்து வந்தவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

ஐயா, குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். உங்கள் டீத்தூளும் கிரீன் டீயும் ஒரே செடியின் கொழுந்துதான். கொழுந்தை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட வைத்துக் கருக்கவிட்ட பிறகு உலர்த்தினால் அது சாதாரணத் தேயிலை. பறித்த சிறிது நேரத்திலேயே ஆவியிலோ சூடான உருளையிலோ காட்டி, கருக்கச் செய்யும் நொதியை முடக்கிவிட்டால் இலை பச்சையாகவே நிற்கும், அதுதான் கிரீன் டீ. நம் கடை டீக்குப் போகும் குருணைத் தூள் பாலையும் சர்க்கரையையும் தாங்குவதற்கென்றே செய்யப்படுவது. எவ்வளவு கொதித்தாலும் ஈடுகொடுக்கும். கிரீன் டீ அப்படியன்று. கொதிக்கும் நீரில் அதன் துவர்ப்புப் பொருட்கள் வேகமாக இறங்கிவிடும், அந்த இலைக்கே உரிய மெல்லிய இனிப்பு அதன் அடியில் அமுங்கிவிடும். பையில் இருப்பது பெரும்பாலும் பொடி என்பதால் அது முழு இலையைவிட விரைவாகவே கசக்கும்.

ஆகவே கிரீன் டீயை அடுப்பில் ஏற்றாதீர்கள். தண்ணீரை மட்டும் கொதிக்கவைத்து இறக்கி, டபராவுக்கும் டம்ளருக்குமாக இரண்டு மூன்று முறை ஆற்றுங்கள். ஆவி விறுவிறுவென்று மேலே சீறாமல் மெதுவாகச் சுருண்டு எழத் தொடங்கினால் சூடு 80 டிகிரிப் பக்கம் வந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது ஒரு பை, அல்லது 2 கிராம் இலை, அதாவது தளர்வாக எடுத்த ஒரு தேக்கரண்டி போட்டு, மூடி, இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பையைப் பிழிய வேண்டாம், கடைசியில் சொட்டுவது கசப்புதான். முழு இலையாக இருந்தால் அதே இலையில் இன்னொரு முறையும் நீர் ஊற்றலாம். கடலோரத்து போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் இருந்தால் டீ மங்கிப் பழுப்பாகும்; குடிநீரில் போட்டுப் பாருங்கள்.

வாசனையைப் பற்றி ஒன்று. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் குணமுடையது. அதனால்தான் அஞ்சறைப் பெட்டிக்கு அருகில் அதை வைக்கக் கூடாது என்பார்கள். அந்தக் குணத்தை நம்பித்தான் உருளையில் இலையைச் சுழற்றி மேலே வாசனைச் சாற்றைத் தெளிக்கிறார்கள். பெட்டியின் பின்புறத்தைப் படியுங்கள். எலுமிச்சைத் தோல், புதினா இலை, துளசி என்று பொருளின் பெயரே இருந்தால் அது வேறு, வெறும் சுவையூட்டி என்று மட்டும் இருந்தால் வேறு. உங்கள் மிட்டாய் வாசனைக்குக் காரணம் அங்கே கிடைக்கும்.

பதில்: மாடித்தோட்டம், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாசனை சேர்த்ததை வாங்காமல் வாசனை இல்லாத கிரீன் டீயை வாங்கி, மணத்தை நீங்களே சேருங்கள். பெரிய மார்க்கெட்டில் ஒரு கட்டுப் புதினா வாங்கினால் நான்கு நாளைக்கு வரும். ஆறேழு இலைகளை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி டம்ளரின் அடியில் போட்டு, மேலே டீயை ஊற்றுங்கள். மொராக்கோ நாட்டில் வீட்டுக்கு வீடு குடிப்பதும் புதினாவோடு சேர்ந்த கிரீன் டீதான். அவர்கள் சர்க்கரையை அள்ளிப் போடுவார்கள், உங்களுக்கு அது வேண்டாம். காஷ்மீரில் ஏலக்காய், பட்டை, குங்குமப்பூ போட்டுக் காவா வைப்பதும் கிரீன் டீயில்தான். ஏலக்காய் வாசனைக்குப் பழகிய நம் நாக்குக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

எனக்கு மிகவும் பிடித்தது மல்லிகை. சீனாவில் மல்லிகைத் தேநீருக்குப் பயன்படுத்துவது நம் குண்டுமல்லி இனத்தைத்தான் என்று அறிந்த நாளிலிருந்து மாடியில் இருக்கும் செடியை வேறு கண்ணோடு பார்க்கிறேன். சாயங்காலம் விரியப்போகும் மொட்டுகளை ஒரு கைப்பிடி பறித்து, உலர்ந்த கிரீன் டீ இலையோடு அடுக்கடுக்காக எவர்சில்வர் சம்படத்தில் இட்டு மூடிவிடுவேன். இரவில் மொட்டு விரியும்போது இலை அந்த மணத்தை வாங்கிக்கொள்ளும். காலையில் மூடியைத் திறந்தால் பூ சோர்ந்து பழுப்பேறிக் கிடக்கும், மணம் முழுவதும் இலைக்குப் போயிருக்கும். பூவை எடுத்துவிட்டு, ஈரம் போக இலையை இளஞ்சூட்டு வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி ஆறவைத்து, நான்கைந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். கடையில் முழம்போட்டு விற்கும் பூவை மட்டும் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அது தலைக்கு வைப்பதற்கு விளைந்தது, பூச்சிமருந்து இருக்கும். மருந்து தெளிக்காத வீட்டுச் செடி இருந்தால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

பதில்: உணவு ஆலோசகர், கடலூர் முதுநகர்

உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சேர்க்கப்படும் சர்க்கரை நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. உங்களுக்கு டீயிலேயே 40 கிராம். எனவே உங்களுக்குக் கிடைக்கப்போகும் நன்மையில் பெரும்பங்கு கிரீன் டீயின் குணத்தால் வருவதன்று, பத்துக் கரண்டிச் சர்க்கரை நிற்பதால் வருவது. இதை முதலிலேயே மனத்தில் கொண்டால், கசப்பைத் தாங்கமுடியாமல் இரண்டு கரண்டி தேன் விட்டுக் குடிக்கும் தவற்றைச் செய்யமாட்டீர்கள். தேனும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும்.

வெறும் வயிற்றில் குமட்டல் வருவது துவர்ப்புப் பொருட்களால். நீங்கள் சிற்றுண்டிக்குப் பின் குடியுங்கள். ஆனால் உங்கள் மனைவி அப்படிச் செய்யக் கூடாது. கீரை, பருப்பு ஆகியவற்றிலிருந்து வரும் இரும்புச்சத்தை உடல் ஏற்பதை எந்தத் தேநீரும் தடுக்கும். ஆகையால் சாப்பாட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அவர் நாளைக்கு ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதையும் அவருடைய மருத்துவரைக் கேட்டுச் செய்யட்டும். இன்னொன்று, சாதாரண டீயைவிடக் கிரீன் டீயில் காஃபின் பொதுவாகக் குறைவு. ஐந்து கடை டீயை ஒரே நாளில் நிறுத்தினால் சில நாட்கள் தலைவலி வரலாம், ஆகவே வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். எடை குறைப்பதற்கென்று விற்கும் கிரீன் டீச் சாற்று மாத்திரைகளின் பக்கம் போகவேண்டாம். அளவு மிகும்போது கல்லீரலுக்குத் தீங்கு நேர்ந்திருக்கிறது.

பதில்: பழைய வழக்கம், வில்லியனூர்

நான் ஆறு மாதம் முயன்று விட்டுவிட்டேன். எனக்குப் பாலின் கனம் இல்லாமல் டீ குடித்த நிறைவு வரவில்லை. இப்போது சர்க்கரை இல்லாத பால் டீ, நாளைக்கு இரண்டு, சற்றே இஞ்சி தட்டிப் போட்டு. முதல் பத்து நாள்தான் கடினம். அதன் பிறகு பாலிலேயே இனிப்பு தெரியத் தொடங்கியது. கிரீன் டீ ஒத்துவரவில்லை என்றால் இந்த வழியும் இருக்கிறது.

மீண்டும் கெடிலக்கரை, நான்கு வாரத்துக்குப் பிறகு

அனைவருக்கும் நன்றி. டபராவில் ஆற்றிப் போட்ட முதல் நாளே கசப்பு பாதியாயிற்று. அலுவலகத்து பதினொரு மணி டீயும் மாலை டீ ஒன்றும் இப்போது புதினாவோடு கிரீன் டீ. காலையில் வீட்டில் குடிப்பது மட்டும் பால் டீ, அதில் அரைக் கரண்டி சர்க்கரை. மற்ற இரண்டையும் வாரத்துக்கு ஒன்றாக விட்டுவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து நான்கு நாள் தலைவலி இருந்தது உண்மை; முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. எதிர்க்கடைக்குப் போவதை நான் நிறுத்தவில்லை. நண்பர்களோடு அங்கே நிற்கும் அந்தப் பத்து நிமிடம் எனக்கு வேண்டும். நான் வருவதைப் பார்த்ததும் கடைக்காரர் பாய்லரிலிருந்து ஒரு கண்ணாடி கிளாஸில் வெந்நீர் பிடித்து ஆறவைத்துவிடுகிறார். இலையும் புதினாவும் என் சட்டைப் பையில் இருக்கும், காசையும் வாங்கிக்கொள்கிறார்.

மல்லிகை முறையைச் செய்ய ஆசைதான், ஆனால் எங்கள் செடியில் இப்போது நாளைக்கு நான்கு மொட்டுக்கு மேல் இல்லை. பங்குனியில் பூக்கத் தொடங்கியதும் செய்து பார்த்து எழுதுகிறேன்.