படுத்த படுக்கையானவர்களுக்கான ஹோம்: ஆய்வில் ரெஜிஸ்டரைப் பார்ப்பதா, முதுகைப் பார்ப்பதா?

அல்சூர்க்காரன்:
பெங்களூரில் எழுந்து நடமாட முடியாத பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஹோம்கள் பெருகிவிட்டன. ஆய்வுக்கு வருபவர் முதலில் ரெஜிஸ்டரைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் 2007-இன்படி பதிவு வேண்டிய இடமென்றால் அது இருக்கிறதா, படுக்கைப்புண் வராமலிருக்க 2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்த சார்ட், மருந்து கொடுத்த கையெழுத்து எல்லாம் இருக்கிறதா? எழுத்தில் இல்லாததை வைத்து நடவடிக்கை எடுத்தால் நிற்காது.

ராத்திரி_டியூட்டி:
சார், அந்த சார்ட்டைத்தான் நம்பக் கூடாது. 2, 4, 6, 8 என்று நிமிஷம் பிசகாமல், ஒரே பேனாவில் இருந்தால் விடிந்தபின் காபியோடு நிரப்பியது. கணக்குப் போடுங்கள். கட்டிலில் 20 பேர். ஒருவரைப் புரட்டித் துணி சரிசெய்ய, இரண்டு ஆள், 5 நிமிஷம். ஒரு சுற்றுக்கு 100 நிமிஷம். அடுத்த சுற்றுக்குள் மிச்சம் 20 நிமிஷம்; அதில் டயப்பர், சளி உறிஞ்சுவது, ட்யூப் ஃபீடு (குழாய்வழி உணவு), தண்ணீர் கேட்பவருக்குத் தண்ணீர். இரவில் இரண்டே ஆயா வைத்த இடத்தில் சார்ட் முழுசாக இருந்தால் அது பொய்.

அல்சூர்க்காரன்:
ஆள் எத்தனை என்பது டியூட்டி ரோஸ்டரில்தானே தெரிந்தது? அதுவும் காகிதம்தான் மேடம். தவிர, ஏர் பெட் (பம்பு வைத்துக் காற்றடிக்கும் மெத்தை) இருந்தால் எல்லாரையும் 2 மணிக்கொரு தரம் புரட்ட வேண்டியதில்லை.

ராத்திரி_டியூட்டி:
ரோஸ்டர் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஏர் பெட் புரட்டுவதைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. எடைக்கேற்பத் திருப்ப வேண்டிய பம்பின் குமிழ் ஆரம்பத்தில் வைத்த இடத்திலேயே நிற்கும். மேலே ரப்பர் ஷீட், அதன்மேல் மடித்த போர்வை. காற்று இருந்தும் பிரயோஜனமில்லை. வால் எலும்புக்கு நேராகப் பெட்டுக்கு அடியில் உள்ளங்கையை விடுங்கள். ஓர் அங்குலம் காற்றாவது நடுவில் இருக்கணும். எலும்பு இடித்தால் பம்பு ஓடுவது சத்தத்துக்குத்தான்.

பிசியோ_கோரமங்களா:
குதிகாலை இருவரும் விட்டுவிட்டீர்கள். தலையணை கெண்டைக்காலுக்கு அடியில், குதிகால் அந்தரத்தில். ஒருக்களிப்பது 30 டிகிரி போதும். முழுக்கத் திருப்பினால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில். ட்யூப் ஃபீடின்போது தலைமாடு 30 முதல் 45 டிகிரி, முடிந்தும் அரை மணியாவது அப்படியே. பிறகு இறக்க மறந்தால் உடம்பு சறுக்கி முதுகடித் தோல் உரியும்; புரையேறுதலுக்குப் பயந்தது புண்ணில் முடியும். இன்னொன்று: நம் நிறத்தில், புண்ணுக்கு முன்னால் வரும் சிவப்பு சட்டென்று தெரியாது. பக்கத்துத் தோலோடு தொட்டுப் பாருங்கள், சூடா, கெட்டியா என்று.

அல்சூர்க்காரன்:
வருகிற அதிகாரி எல்லாருடைய துணியையும் விலக்கிப் பார்ப்பதா? வயதானவர்களுக்கு மானம் இல்லையா?

ராத்திரி_டியூட்டி:
திரை போட்டு, சம்மதம் கேட்டு, ஒரு நர்ஸ் பார்க்கட்டும். மூன்று பேர் போதும்: இளைத்துக்கொண்டே போகிறவர், வாய் பேச முடியாதவர், வாசலிலிருந்து கடைசிக் கட்டில். போகிற வழியில், மூத்திரம் குழாய் வழியாக வடியும் கதீட்டர் பையையும் பார்க்கலாம். உடம்புக்குள் இருக்கும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்கணும், தரையைத் தொடக் கூடாது. சொல்லிவிட்டு வந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். விடிகாலை 5 மணிக்கு வரட்டும்.

அல்சூர்க்காரன்:
5 மணிக்கா! 10 மணிக்குத்தான் ஆபீசே திறக்கிறார்கள், மேடம்.