இரண்டடி தொட்டியில் பத்தொன்பது மீன்: யாரை வைப்பது, யாரை அனுப்புவது?

புதுத்தொட்டி
மகன் பிறந்தநாளுக்காக இரண்டு மாதம் முன்பு மீன் தொட்டி வாங்கினோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். சென்னை கொளத்தூர் பக்கம் போனால் எங்கு பார்த்தாலும் மீன் கடைதான். பையன் கை காட்டியதை எல்லாம் ஒரு கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்தார். எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றார், நம்பிவிட்டோம். கோல்ட் பிஷ் 4, டைகர் பார்ப் 5, ஏஞ்சல் 2, கப்பி 6, சக்கர் 1, ஆஸ்கர் 1.

இப்போது கப்பி ஒன்றுகூட இல்லை. செத்து மிதக்கவில்லை, காணவே இல்லை. ஏஞ்சலின் துடுப்புகள் கிழிந்து நார் நாராகத் தொங்குகின்றன. காலையில் பார்த்தால் கோல்ட் பிஷ் நான்கும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. ஞாயிறுதோறும் மீன்களை வாளியில் விட்டு, கல், பில்டர், கண்ணாடி எல்லாம் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டுக்காரர் கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்கிறார். பையன் ஒன்றைக்கூடத் தர மாட்டேன் என்று அழுகிறான்.

கரைமணல்
அக்கா, கப்பி போனது ஆஸ்கர் வயிற்றுக்குள். வாய்க்குள் நுழைகிற எதையும் அது விழுங்கும், அதன் சுபாவம் அப்படி. இன்று நான்கு அங்குலம் இருந்தால், வருடம் திரும்புவதற்குள் ஓரடிக்குப் பக்கத்தில் வந்துவிடும். உங்கள் தொட்டியின் அகலமே ஓரடிதான், அது திரும்ப முடியாது. முதலில் வெளியேற வேண்டியது ஆஸ்கர். அடுத்தது சக்கர். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஆனால் அது ஒன்றரை அடி வரை வளரும், அது போடும் கழிவும் அதற்கேற்ப இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். அந்தத் தொட்டி முழுசாக நிரம்பினால் 56 லிட்டர். கல்லும் மேல் இடைவெளியும் போக 45 தேறும். கோல்ட் பிஷ் நான்குக்கே அது போதாது. தவிர கோல்ட் பிஷ்ஷுக்கு 20 டிகிரி ஒட்டிய குளிர்ந்த தண்ணீர் சுகம், ஏஞ்சலுக்கு 26, 27 வேண்டும். டைகர் பார்ப் மட்டும் வைத்து மற்றதை எல்லாம் கொடுத்துவிடுங்கள்.

நீர்க்கோழி
கரைமணல் சொல்வதை நான் ஏற்கவில்லை. எங்கே கொடுப்பது? கடையில் திருப்பிக் கொடுத்தால் அங்கே இதைவிட நெரிசல். நாளைக்கே இன்னொரு வீட்டு இரண்டடி தொட்டிக்குப் போகும். நம் கண்ணில் படவில்லை என்பதால் அந்த மீன் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடுமா? வாங்கிவிட்டோம், பொறுப்பு நம்முடையது.

எட்டு வருடமாகத் தொட்டி வைத்திருக்கிறேன், எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே மீன் இருக்கும். ஸ்பாஞ்ச் பில்டர் இரண்டு, வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம், அளவான தீனி. சாவு அபூர்வம். ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே நெருக்கி விடுகிறார்களே! கூட்டம் இருந்தால் ஒரே மீன் அடிபடாது, சண்டை பரவிவிடும்.

கரைமணல்
அந்த சிக்லிட் மலாவி ஏரியில் பாறைக்கு நடுவே வாழ்கிற மீன், நண்பரே. நான்கடி தொட்டி, நிறையப் பாறை, எல்லாம் ஒரே அளவு, ஒரே தண்ணீர் குணம். அதை எடுத்து இங்கே பொருத்தக் கூடாது. பில்டர் எவ்வளவு போட்டாலும் ஆஸ்கரின் வாய் சின்னதாகாது, ஏஞ்சலின் துடுப்பைக் கிழிக்கிற பார்ப்பின் கடி நிற்காது.

இன்னொன்று. கோடையில் ராத்திரி இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் உங்கள் ஏர் பம்ப் நின்றுவிடும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. மீன் குறைவாக இருந்தால் தாங்கும், நெரிசல் தொட்டி விடிவதற்குள் காலி. எனக்கு ஒரு மே மாதம் நடந்தது. பதினோரு மீனை ஒரே காலையில் எடுத்துப் போட்டேன், அதற்கு அப்புறம்தான் நெருக்கி வைப்பதை விட்டேன்.

நீர்க்கோழி
கரண்ட் விஷயம் உண்மை. நான் பேட்டரி பம்ப் வைத்திருக்கிறேன், எல்லோரிடமும் இருக்காது. ஆஸ்கர் போக வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோல்ட் பிஷ் மூச்சு வாங்குவதற்கு நெரிசல் மட்டும் காரணம் இல்லை, அந்த ஞாயிற்றுக்கிழமைக் கழுவலும்தான். யாரும் அதைச் சொல்லவில்லையே.

சகோதரி, மீன் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியாவை விடுகிறது. பில்டரிலும் கல்லிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், பிறகு விஷம் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்தக் கூட்டம் சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் வாராவாரம் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, குளோரினைக் காட்டி, அதை அழித்துவிடுகிறீர்கள். பாவம், சுத்தம் என்று நினைத்துத்தான் செய்கிறீர்கள். இனி தொட்டியைக் கலைக்காதீர்கள். கால் பங்கு தண்ணீரை உறிஞ்சி எடுங்கள், அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சைப் பிழியுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீரை ஊற்றுங்கள். போர் தண்ணீர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், காரத்தன்மை கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும்.

தாமரைக்குளம்
இவ்வளவு சிரமம் எதற்கு? ஏரியில் விட்டால் சுதந்திரமாக இருக்கும். உயிரை விடுவிப்பது புண்ணியம்தானே.

நீர்க்கோழி
தயவுசெய்து வேண்டாம். இதில் எனக்கும் கரைமணலுக்கும் ஒரே கருத்தாகத்தான் இருக்கும்.

கரைமணல்
ஆமாம். தாமரைக்குளம், உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் சக்கர் தென் அமெரிக்க மீன். யாரோ இப்படி விட்டதும் தப்பியதும் பெருகி, இன்று சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளில் வலை போடுகிறவர்களுக்குத் தலைவலி. அதன் முள் வலையைக் கிழிக்கும், கரையைக் குடைந்து முட்டையிடும், சந்தையில் விலை போகாது. கெண்டையும் விராலும் இருந்த இடத்தில் அது உட்காருகிறது. கோயில் குளமும் அப்படித்தான். ஒரு மீனைக் காப்பாற்றப் போய் ஒரு ஏரியைக் கெடுக்கலாமா?

தாமரைக்குளம்
இது தெரியாது. எங்கள் ஊர்க் குளத்தில் அந்தக் கறுப்பு மீனை நானே பார்த்திருக்கிறேன், நாட்டு மீன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீர்க்கோழி
சரி, கரைமணல், பார்ப்பை மட்டும் வைக்கச் சொல்வதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. அந்தப் பையனுக்குப் பிடித்தது எது என்று யாராவது கேட்டோமா? கோல்ட் பிஷ்தான் என்றால் தொட்டியையே பெரிதாக்குவதுதான் நியாயம்.

கரைமணல்
பெரிய தொட்டி வாங்க முடிந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். முடியாத வீட்டில் இரண்டடியில் நிம்மதியாக வாழக்கூடியதை வைக்க வேண்டும். பார்ப்பை எட்டாக்கினால் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொள்ளும். ஏஞ்சலோடு மட்டும் சேர்க்கக் கூடாது.

புதுத்தொட்டி
எல்லோருக்கும் நன்றி. ஆஸ்கரை ஐந்தடி தொட்டி வைத்திருக்கும் ஒருவர் வந்து வாங்கிப் போனார், சக்கரையும் அவரே எடுத்துக்கொண்டார். இப்போதைக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து ஏஞ்சலைப் பிரித்துவிட்டேன். பையனிடம் கேட்டேன், கோல்ட் பிஷ்தான் என்றான். பார்ப், ஏஞ்சல் இரண்டையும் தர ஆள் தேடுகிறேன். கோல்ட் பிஷ் இரண்டை மட்டும் வைத்து, தீபாவளிக்குள் மூன்றரை அடி தொட்டிக்குப் பணம் சேர்க்கிறோம். மற்ற இரண்டையும் தங்கை வீட்டு மாடித் தொட்டிக்கு அனுப்பலாமா? அது சிமெண்ட் தொட்டி, மேலே நிழல் இருக்கிறது.

கரைமணல்
புது சிமெண்ட் என்றால் சில வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பி வடியுங்கள், சுண்ணாம்பு இறங்கட்டும். பழையது என்றால் தாராளமாக விடலாம். மேலே வலை போட மறக்காதீர்கள், காக்கா வரும்.