இலங்கையின் விமான விபத்துகள்: தகவல் தந்து உதவுங்கள்

அன்பர்களுக்கு வணக்கம். இலங்கையில் நிகழ்ந்த பயணிகள், இராணுவ விமான விபத்துகளைத் தமிழில் தொகுத்து வருகிறேன். 1974 டிசம்பர் 4 அன்று, இந்தோனேசிய ஹஜ் பயணிகளுடன் சுரபயாவிலிருந்து கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம், விமானிகள் தாம் இருந்த இடத்தைத் தவறாகக் கணித்ததால் மஸ்கெலியாப் பகுதியின் ஏழு கன்னியர் மலையில் மோதியதில், அதிலிருந்த 191 பேரும் உயிரிழந்தனர். அன்று சுற்றுப்புறத் தோட்டங்களில் வாழ்ந்தோர் கண்டதையும் கேட்டதையும், அவர்கள் முதுமையடைந்துவிட்ட இவ்வேளையிலேனும் எழுதிவைத்தாக வேண்டும் என்பதே என் முதன்மையான கவலை. உங்கள் குடும்பத்தில் அத்தகையோர் இருந்தால், அவர்கள் கூறுவதை அவர்களின் சொற்களிலேயே அனுப்புங்கள். 1978 நவம்பர் 15 அன்று கட்டுநாயக்கவுக்கு அருகே 183 உயிர்களைப் பறித்த விபத்துக்கும், 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய நாள்களில் பலாலியில் சுட்டு வீழ்த்தப்பட்ட இரு அவ்ரோ விமானங்களுக்கும் (இவை விபத்தல்ல என்பதால் தனிப் பிரிவில் சேர்க்கிறேன்) பழைய தமிழ் நாளிதழ் நறுக்குகள் கிடைத்தால் பேருதவியாகும். உயிரிழந்தோரின் படங்களை அனுப்ப வேண்டாம்.