வேலையில்லாத நேரத்தில் பிராசசர் வேகம் ஏன் ஏறி இறங்குகிறது: குடும்பக் குழுவில் ஒரு காலை உரையாடல்

பெரியப்பா, 9:12
எல்லோருக்கும் காலை வணக்கம். நேற்று இரவிலிருந்து ஒரு விஷயம் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. எந்த வேலையும் செய்யாமல், கணினிக்குள் நடப்பதைக் காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை மட்டும் திறந்து வைத்துப் பார்த்தேன். பயன்பாடு 2 சதவீதத்தைத் தாண்டவில்லை; ஆனால் பிராசசரின் வேகம் 0.8 கிகாஹெர்ட்ஸ், அடுத்த நொடி 3.9, பிறகு 1.7 என்று ஓரிடத்தில் நிற்கவே இல்லை. வாங்கும்போது 2.5 என்றுதானே போட்டிருந்தார்கள்? பிராசசர் பழுதாகத் தொடங்கிவிட்டதா?

அண்ணன், 9:20
விண்டோஸில் மின்சாரச் செலவைத் தீர்மானிக்கும் பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றிவிடுங்கள், பெரியப்பா. குறைந்தபட்ச பிராசசர் நிலை 100 சதவீதமாகிவிடும். அதன்பின் எண் பெரும்பாலும் மேலேயே நிற்கும்.

நான், 9:34
அண்ணா, அது இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பது போலாகிவிடும். பெரியப்பா, உங்கள் பிராசசர் நலமாகவே இருக்கிறது; நீங்கள் பார்த்தது அது மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடும் விதம்.

பெரும்பாலான பிராசசர்களுக்கு அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடி துடிப்புகள். அதை 8ஆல் பெருக்கினால் 0.8 கிகாஹெர்ட்ஸ், 39ஆல் பெருக்கினால் 3.9. இந்தப் பெருக்கும் எண்ணைத் தேவைக்கேற்ப நொடிக்குப் பல முறை மாற்றிக்கொள்ளும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் 2.5 என்பது அடிப்படை வேகம், அதாவது கனமான வேலையிலும் தொடர்ந்து தரக்கூடிய வேகம், மட்டுமே. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுத்தால் டர்போ என்ற வசதி அதற்கு மேலேயும் கொண்டுபோகும்.

வேகத்தோடு மின்னழுத்தமும் சேர்ந்து இறங்குவதுதான் இதன் உயிர்நாடி. சுற்றுகள் இயங்கும்போது செலவாகும் மின்திறன் வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் (அதை அதனாலேயே பெருக்கினால் வருவது) மாறுகிறது. ஆகவே வேகத்தைப் பாதியாக்கி, மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 0.8 வோல்ட்டுக்குக் குறைத்தால், அந்தச் செலவு பாதியாக அல்ல, ஏறக்குறைய 22 சதவீதமாகச் சுருங்கிவிடும். இன்டெல் 2000ஆம் ஆண்டிலேயே மடிக்கணினிகளுக்காக ஸ்பீட்ஸ்டெப் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யும் அதே காலத்தில் தன் வழியில் இறங்கியது.

சித்தி, 9:41
நன்றாகப் புரிகிறது. ஆனால் வேலையே இல்லையென்றால் 0.8இலேயே அமைதியாக இருக்கலாமே? எதற்காக 3.9 வரை ஓட வேண்டும்?

நான், 9:55
மிகச் சரியான இடத்தைப் பிடித்துவிட்டீர்கள், சித்தி. எனக்கும் பல நாள் புரியாமல் இருந்தது இதுதான்.

நமக்குச் சும்மா இருப்பதாகத் தோன்றும் கணினி உண்மையில் சும்மா இருப்பதில்லை. குறித்த இடைவெளியில் பிராசசரைத் தட்டும் கடிகாரக் குறுக்கீடு, வலையமைப்பிலிருந்து வரும் சிறு தகவல், வைரஸ் தடுப்பு நிரலின் சோதனை, பின்னணியில் நடக்கும் புதுப்பிப்பு என ஏதாவது ஒன்று அதை எழுப்பிக்கொண்டே இருக்கும். விண்டோஸின் வழக்கமான கடிகாரத் துடிப்பு மட்டுமே நொடிக்கு 64 முறை. ஆகவே இது ஒரு நீண்ட உறக்கமன்று. ஆயிரக்கணக்கான குட்டித் தூக்கங்கள்.

அந்தத் தூக்கத்திலும் ஆழங்கள் உண்டு. சி1 என்ற லேசான உறக்க நிலையில் கோரின் (பிராசசருக்குள் கணக்கிடும் தனித்தனிப் பகுதிகளில் ஒன்று) துடிப்பு நின்றுவிடும். சி6 என்ற ஆழ்ந்த நிலையில் கோர் தன் நிலையைப் பத்திரப்படுத்திவிட்டு, மின்சாரத்தையே ஏறக்குறைய முழுவதுமாகத் துண்டித்துக்கொள்ளும். ஒரு கோர் விழித்தால் அது மட்டும் விழிப்பதில்லை. கோர்கள் பகிர்ந்துகொள்ளும் கேஷ் என்ற சிறு அதிவேக நினைவகமும், மெமரியோடு பேசும் பகுதியும் சேர்ந்து விழித்திருக்க வேண்டும். எனவே ஒரு சிறு வேலையை 0.8இல் இழுத்துக்கொண்டிருப்பதை விட, வேகமாக முடித்துவிட்டு எல்லாவற்றையும் உறங்க விடுவது பல நேரங்களில் மலிவு. எப்போதும் அப்படியில்லை, உச்ச வேகத்துக்கு உச்ச மின்னழுத்தம் வேண்டும் என்பதால் ஓர் எல்லைக்குப் பிறகு கணக்கு மாறிவிடும். முன்பு இயங்குதளம் போட்டுவந்த இந்தக் கணக்கை, 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையிலிருந்து ஸ்பீட் ஷிஃப்ட் என்ற நுட்பத்தின் வழியாக இன்டெல் பிராசசரே போட்டுக்கொள்கிறது. அதனால் ஏற்ற இறக்கம் முன்பை விடத் துரிதமாகிவிட்டது.

பெரியப்பா, 10:02
அப்படியானால் நான் பார்த்த 3.9 என்பது உறங்கும் கோரின் வேகமா, விழித்த கோரின் வேகமா?

நான், 10:08
விழித்திருந்த நேரத்தின் வேகம், பெரியப்பா. உறங்கும் கோருக்கு வேகமே கிடையாது. நொடியின் நூறு பங்கில் 98 பங்கு உறங்கி, 2 பங்கு மட்டும் 3.9இல் ஓடியிருந்தாலும் திரையில் 3.9 என்றே தெரியக்கூடும். அதனால்தான் சில கண்காணிப்பு நிரல்கள், உறக்கத்தையும் கணக்கில் சேர்த்து, செயல்படு வேகம் என்று தனியாக ஓர் எண்ணைக் காட்டுகின்றன. என் பார்வையில் அதுவே நேர்மையான எண்.

இன்னொன்றும் உண்டு: எட்டிப் பார்க்கும் டாஸ்க் மேனேஜரே ஒவ்வொரு முறையும் பிராசசரைத் தட்டி எழுப்புகிறது. புதுப்பிக்கும் வேகத்தை லோ என்று வைத்தால் நொடிக்கு ஒரு முறை என்பது 4 நொடிக்கு ஒரு முறையாகும். அப்படி வைத்துப் பாருங்கள்.

அண்ணன், 10:15
நான் என் மடிக்கணினியில் பல மாதங்களாக ஹை பெர்ஃபார்மன்ஸில்தான் வைத்திருக்கிறேன். பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும். இப்போதே பேலன்ஸ்டு என்ற பவர் பிளானுக்கு மாற்றிவிடுகிறேன்.

பெரியப்பா, 10:27
லோ என்று வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன். தாவுவது நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது. எப்போதுதான் நான் கவலைப்பட வேண்டும்?

நான், 10:33
இதற்கு நேர் எதிராக நடந்தால் கவலைப்படுங்கள். வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றுவது போன்ற கனமான வேலை ஓடி, பயன்பாடு 100 சதவீதத்தில் இருக்கும்போதும் வேகம் அடிப்படையான 2.5க்குக் கீழே விழுந்து, வெப்பம் 95 டிகிரி செல்சியஸை ஒட்டி நின்றால், தன்னைக் காத்துக்கொள்ள அது வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். அப்போது முதலில் விசிறியிலும் காற்றுத் துளைகளிலும் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.