இது பொரிப்புள்ளி ஆந்தைதானா? பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். ஆனைமலை அடிவாரத்தில் ஒரு மாந்தோப்பில் எடுத்த படங்கள் இவை. காக்கையைவிடப் பெரிய பறவை, 45 செ.மீ.க்கு மேல் இருக்கும். தலையில் கொம்புபோன்ற தூவி இல்லை, கண்கள் கருமை. அதனால் கொம்பன் ஆந்தை, பூமன் ஆந்தை இரண்டும் கிடையாது.

முகத்தில், தண்ணீரில் கல் போட்டதுபோல, கண்ணைச் சுற்றி மெல்லிய கருவளையங்கள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாக விரிகின்றன. தொண்டையில் வெள்ளைப் பிறை. முதுகில் செம்பழுப்பு, சாம்பல், வெள்ளை, கருப்பு எல்லாம் கலந்த புள்ளிகள். கிளையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டால் பட்டை எது, இறகு எது என்றே தெரியவில்லை.

மலைக்காட்டில் இருக்கும் பழுப்பு நிறக் காட்டு ஆந்தையோ என்றும் ஒரு சந்தேகம். இரண்டுக்குமே வயிற்றில் குறுக்குக் கோடுகள் உண்டே! மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

அது உட்காரும் பொந்து மரத்தைத் தோப்புக்காரர் வெட்டப்போகிறார். அவரிடம் பேச வேண்டும், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.