ஐந்து நொடித் துணுக்கில் ராகம் காணுதல்: சில அனுபவங்கள்

பதிவு 1

கர்நாடக இசைப் பதிவிலிருந்து வெட்டியெடுத்த சிறு துணுக்கைக் கேட்டு, ராகம் எது, உருப்படி எது என்று சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். சரியாகச் சொன்ன நாட்களைவிடத் தவறிய நாட்களே எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்திருக்கின்றன என்பதால், அப்படி ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ரசிகர் குழுவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் துணுக்கு அனுப்புவார். ஐந்து நொடி இருக்கும். மிஞ்சினால் எட்டு நொடி. சென்ற மாதம் வந்தது புல்லாங்குழல். மிகப் பழைய பதிவு ஆகையால் தம்புராவின் ஒலி காதில் விழவே இல்லை. குழல் மேலேயிருந்து விரைவாக இறங்கி வந்து ஒரு சுரத்தில் நின்றது. அதையே சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு மீண்டும் ஏறத் தொடங்கி நான்கைந்து சுரங்களைத் தொட்டவுடன் துணுக்கு முடிந்துவிட்டது. நின்ற சுரம்தான் மற்றச் சுரங்களுக்கு ஆதாரமான ஷட்ஜம் என்று என் மனம் அந்தக் கணமே முடிவு கட்டிவிட்டது. அந்த ஷட்ஜத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம் ஆகியவை வந்தன. ரிஷபமும் பஞ்சமமும் இல்லை. ஹிந்தோளம் என்று, ஐயம் சிறிதும் இல்லாமல் எழுதினேன். விடை மோகனம்.

அன்று இரவு அந்தத் துணுக்கை இருபது முறையாவது கேட்டிருப்பேன். மோகனத்தின் காந்தாரத்தை ஆதாரமாகக் கொண்டு அதே ஐந்து சுரங்களையும் வாசித்தால் ஹிந்தோளம் கிடைக்கும் என்பது ஆதார சுரத்தை மாற்றி ஒரு ராகத்திலிருந்து இன்னொன்றைப் பெறும் கிரக பேதம் பற்றிப் படித்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் பல ஆண்டுகளாகத் தெரியும். மோகனத்தில் காந்தாரம் நின்று நிலைக்கக்கூடிய சுரம் என்பதும் தெரியும். ஆனால், ஏட்டில் அறிந்த ஒன்று காதில் நிகழும்போது அதை அடையாளம் காண முடியாமல் போயிற்று. ஹிந்தோளத்தின் காந்தாரத்துக்கும் நிஷாதத்துக்கும் உரிய அசைவு அந்தத் துணுக்கில் இல்லை என்பதையாவது கவனித்திருக்க வேண்டும். வேகத்தில் போனதால் அது மறைந்துவிட்டது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதிவு 2

எனக்கு நேர்ந்தது ஆரபி, தேவகாந்தாரி பற்றியது. இரண்டும் 29ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, தீரசங்கராபரணத்தில் பிறந்தவை. ஆரோகணத்தில் காந்தாரமும் நிஷாதமும் இல்லாமல் ஏறி, அவரோகணத்தில் ஏழு சுரங்களோடும் இறங்குபவை. தாளில் எழுதினால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது.

ஒரு முறை வயலின் துணுக்கு ஒன்று வந்தது. ஆறு நொடிக்குள் நிறையச் சுரங்கள் ஓடியதால், எது எது என்று பிரித்துக் கேட்பதற்காக, சுருதி மாறாமல் வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் வசதியைப் பயன்படுத்தினேன். சுரங்கள் தெளிவாக விழுந்தன. அவை நீண்டு ஒலித்தபோது, எனக்கு மிகவும் பழக்கமான ‘க்ஷீரசாகர சயன’ கிருதியின் நிதானம் நினைவுக்கு வந்தது. தேவகாந்தாரி என்று எழுதிவிட்டேன். உண்மையில் அது பஞ்சரத்தினக் கிருதிகளில் மூன்றாவதாகப் பாடப்படும் ஆரபி ராகத்து ‘சாதிஞ்செனே’யின் ஒரு பகுதி. வேகத்தைக் குறைத்தது நான். ஆரபியிடமிருந்து அதன் மிடுக்கைப் பறித்ததும் நான்தான்.

என் ஆசிரியர் அப்போது சொன்னதை இங்கே பகிர்வது பயன்படும். ஆரபியில் இறங்கும்போது காந்தாரம் தனக்கென்று ஓர் இடம் கேட்பதில்லை; மத்யமத்தை ஒட்டிக்கொண்டு, தொட்டும் தொடாமலும் ரிஷபத்துக்குப் போய்விடும். நிஷாதமும் அப்படியே மேல் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கும். தேவகாந்தாரியிலோ காந்தாரம் நீண்டு, அசைந்து, தன் இருப்பை முழுமையாகக் காட்டிவிட்டுத்தான் நகரும். ஆகவே, இவ்விரண்டில் ஒன்று என்று தோன்றினால் சுரங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, காந்தாரம் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். அதற்குத் துணுக்கு அதன் இயல்பான வேகத்திலேயே ஓட வேண்டும். அன்றிலிருந்து நான் எந்தத் துணுக்கின் வேகத்தையும் மாற்றுவதில்லை.

பதிவு 3

துணுக்கை வெட்டுபவருக்கும் பொறுப்பு உண்டு என்பது என் கருத்து. எங்களுக்கு ஒரு முறை ஏழு நொடி வாய்ப்பாட்டு வந்தது. சொல் எதுவும் இல்லாத வெறும் அகாரம். கேட்ட அனைவரும் ஆபோகி என்றோம், விடை ஸ்ரீரஞ்சனி. ஆபோகிக்கும் ஸ்ரீரஞ்சனிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி நிஷாதத்தில்தான் இருக்கிறது. அந்த நிஷாதமோ துணுக்கு முடிந்த அடுத்த நொடியில்தான் வருகிறது! ராகத்தை அடையாளம் காட்டும், அதற்கு உயிரான ஒரு பிடியாவது உள்ளே இருக்குமாறுதான் வெட்ட வேண்டும் என்று அன்றே எங்களுக்குள் வைத்துக்கொண்டோம்.

முதலில் எழுதிய அன்பருக்கு ஒரு யோசனை. அந்தக் குழல் துணுக்கை ஓடவிட்டு, அதற்கு அடியில், ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கும் சுருதிப்பெட்டியையும் ஒலிக்கவிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

பதிவு 4

நான் சங்கீதம் முறையாகக் கற்றவள் அல்லள். என் தம்பி கற்றவன். அவனுடைய நண்பர்கள் அனுப்பும் துணுக்குகளை வீட்டுக் கூடத்தில் உரக்க ஒலிக்கவிட்டு, நாங்கள் இருவரும் சேர்ந்து விடை தேடுவது வழக்கம். ஒரு நாள் மாலை நாகஸ்வரத் துணுக்கு ஒன்று வந்தது. மூன்று நான்கு நொடிதான் இருக்கும். நாட்டையா, கம்பீர நாட்டையா என்று தம்பி யோசிக்கத் தொடங்கினான். ரிஷபம் வந்ததா, இல்லையா என்று அவன் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருக்கையில், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த எங்கள் பாட்டி கையிலிருந்த கட்டைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, “சுவாமி புறப்பட்டாச்சு” என்றார்.

விடை மல்லாரி. சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கப்படும், சாகித்தியம் இல்லாத உருப்படி அது. ராகம் கம்பீர நாட்டை. தளிகை மல்லாரி, தேர் மல்லாரி, தீர்த்த மல்லாரி என்று சந்தர்ப்பத்துக்கு ஏற்ற வகைகள் அதில் உண்டு என்று தம்பி பிறகு சொன்னான். பாட்டிக்கு கம்பீர நாட்டை என்ற பெயரே தெரியாது. அறுபது ஆண்டுகளாகக் கோயில் வாசலில் நின்று கேட்ட ஒலி அது. அதைக் கேட்டதும் வீதியைப் பார்க்கத் திரும்ப வேண்டும் என்பது அவர் உடம்புக்கே தெரிந்திருந்தது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு, “தவில் சேர்ந்து வர்றது காதுல விழலையா?” என்று எங்களைத் திருப்பிக் கேட்டார். நாங்கள் நாகஸ்வரத்தின் சுரங்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். தவிலை இருவருமே கவனிக்கவில்லை.

பதிவு 5

மூன்றாம் பதிவில் எழுதிய அன்பர் சொன்னதை நேற்றே செய்து பார்த்தேன். குழலின் உண்மையான சுருதி 2 கட்டை (ஷட்ஜம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்). சுருதிப்பெட்டியை 2 கட்டையில் வைத்துத் துணுக்கை ஓடவிட்டபோது, நின்ற சுரம் சட்டென்று காந்தாரமாக ஒளிர்ந்தது; மோகனம் தவிர வேறு எதையும் நினைக்கவே முடியவில்லை. இதையா ஹிந்தோளம் என்றேன் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அதோடு நிறுத்த மனம் வரவில்லை. சுருதியை 4½ கட்டைக்கு மாற்றினேன். அதே துணுக்கு, ஹிந்தோளம். 3 கட்டைக்கு இறக்கினேன்; முன்பு நின்ற அதே சுரம் இப்போது மத்யமாவதியின் ரிஷபமாகக் கேட்டது. 6 கட்டையில் சுத்த சாவேரி கேட்டது. 7 கட்டையில் சுத்த தன்யாசி வரும் என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அந்த ஒன்று மட்டும் என் காதில் எளிதில் நிலைக்கவில்லை. குழல் எங்கே இளைப்பாறுகிறதோ அந்த இடம் சுத்த தன்யாசிக்குப் பொருந்தி வரவில்லை என்று தோன்றுகிறது. குழலில் ஒரு சுரமும் மாறவில்லை. அடியில் இருந்த சுருதி மட்டுமே மாறியது.

பாட்டியைப் பற்றி எழுதிய சகோதரிக்கு: நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, குழலைத் தவிர அந்தத் துணுக்கில் வேறு என்ன இருக்கிறது என்று தேடிக் கேட்டேன். முதல் நொடியில், பதிவின் இரைச்சலுக்கு அடியில், பக்கவாத்தியமாக அமர்ந்த வயலின்காரர் தம் தந்தியை ஒரே ஒரு முறை மெல்லத் தொட்டுச் சரிபார்க்கிறார். அது 2 கட்டை ஷட்ஜம்.